அரசி அழும் இடம்

மே 4, கலமாதா

ட்ராய் போர்க்கதையின் பழைய மூலத்தை நாடகக் குழுவுக்காக இன்றைய கிரேக்க மொழியில் பெயர்த்து எழுதி முடித்தாகிவிட்டது. பாக்கி ஒரே இடம். கோட்டைச் சுவரில் நின்று, மகனின் பிணத்தைப் பார்த்து அரசி ஒப்பாரி வைக்கும் இடம். எந்த வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. இதை எப்படிச் சொல்ல? எங்கள் மானி வட்டாரத்தில், சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும். என் மகன் சரான்தோஸ் எல்லைத் தீவில் பட்டாளத்தில் இருக்கிறான்.

மே 9

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள்தானே நான்? முதல் வரிக்கு வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன். தூ, தூ, தூ என்று மூன்று தடவை துப்பிவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மே 10

எடுத்தான். காவல் வேலையாம். "நான் செத்தா உனக்குச் சொல்லாமலா போவேன்?" என்று சிரிக்கிறான். அறிவுகெட்டவன்.

மே 17

வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் அத்தனை வரியும் செத்துக் கிடந்தது. இயக்குநர் நெக்தாரியோஸ் அந்தக் காட்சியையே வெட்டிவிடலாம் என்கிறார். அந்தத் தாயை ஊமையாக்கினது நான்தானே?

மே 18

அரசியாக நடிக்கும் கிரினியோவிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவளும் மானிக்காரி, சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரே மகன் பெத்ராகியைப் பறிகொடுத்தவள். காப்பியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீ வாயத் திறக்காத. என் வீட்டுல வச்சு நான் சொல்றேன், நீ கேட்டுத் திருத்து. எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போக இனி என்னடி இருக்கு?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். வெட்கமாக இருக்கிறது.

மே 26

தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். வரி பொய்யாக இருந்தால் நிறுத்திவிடுகிறாள். "எவளும் இப்படி அழமாட்டா" என்கிறாள். திருத்துகிறேன். வீட்டுக்கு வந்ததும் தீவுக்குப் போன்.

ஜூலை 12

அரங்கேற்றம் முடிந்தது. காட்சியை வெட்டவில்லை. விடுப்பில் வந்த சரான்தோஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கையை நான் விடவேயில்லை. வியர்க்குது விடும்மா என்றான்.

கிரினியோ சுவர்மேல் வந்து நின்றாள். "என் பிள்ளையே" என்று நான் எழுதியிருந்த இடத்தில் "என் பெத்ராகி" என்றாள்.

பிறகு நெக்தாரியோஸ் என்னிடம் வந்தார். "அந்தப் பேரு மூலத்துல இருக்கா?"

இருக்கு என்றேன்.