சூடு ஏலாத சின்ன ஆக்கள்

அம்மா,

இன்று காலை பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, உறை ஊற்றி, உங்கள் பச்சைத் துவாயால் சட்டியைச் சுற்றி, வீட்டைச் சூடாக்கும் ஹைட்சுங் மேல் வைத்தேன். சூடேற ஏற, பால் மணமும் பழைய துணி மணமும் சேர்ந்து எழும்பின. எத்தனை தரம் தோய்த்தாலும் அந்தத் துவாய் அந்த மணத்தை விடாது. உடனே உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. தொலைபேசி எடுக்க வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய ஆழ்குளிர்ப் பெட்டியை மாற்றுகிறார்கள். உள்ளே கிடக்கும் குழாய்களில் உயிரோடு இருப்பவற்றை மட்டும் புதிய பெட்டிக்கு மாற்றலாம், மிச்சத்தை எறியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு சின்னக் குழாயில் நீங்கள் கொண்டுவந்த பற்றீரியா இருக்கிறது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டுமோ, தெரியவில்லை. அதில் ஒரு துளி எடுத்து, பற்றீரியா வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் பூசி, குளிர் அறையில் வைத்தேன். வாரங்கள் போய்விட்டன, இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. போய்ப் பார்ப்பதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எல்பே ஆறு உறைந்த அந்த மாரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குளிர் என்றால் உங்களுக்குப் பரம வைரி. ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கிய அன்றே, "உந்தக் குளிரிலை மனுசர் சீவிக்க ஏலாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஹம்பேர்க்கில் வேலை தேடும்போதும் எங்கே சூடு இருக்கும் என்றுதான் முதலில் விசாரித்தீர்கள். ஆசுபத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவிக்குள் நின்று வேர்க்க வேர்க்க வேலை செய்துவிட்டு, "நல்ல சுவாத்தியம்" என்று சிரித்தபடி வீட்டுக்கு வருவீர்கள். எனக்கு இருபது வயது தாண்டிய பிறகும், வாசலைத் தாண்ட முன்னர், "காதைப் பொத்திக்கொண்டு போ" என்ற சத்தம் பின்னால் வரும்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் நான். குளிர்காலத்து ஆற்றில் எந்தப் பற்றீரியா வாழ்கிறது என்பதுதான் என் டிப்ளோம் ஆய்வு. அதை நான் சொன்னபோது, பூசணிக்காய் வெட்டிக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்.

"ஐஸ் தண்ணிக்கை என்ன சீவிக்கும்? எல்லாம் செத்துப்போயிருக்குமே."

"சாகேல்லை அம்மா. அதிலை ரெண்டு வகை. ஒண்டு, மண்ணிலையும் வாய்க்காலிலையும் இருந்து அடிபட்டு வந்து, கோடை வருமட்டும் காத்துக்கொண்டு கிடக்கிறது. மற்றது, குளிர்தான் அதின்ரை வீடு. ஆர் எது எண்டு தெரியாது. அதைத்தான் பாக்கப் போறன்."

"விருந்தாளி ஆர், ஊர் ஆக்கள் ஆர் எண்டு பாக்கப் போறாய். விசா ஒஃபீஸ் வேலை!" என்றீர்கள். அப்பா கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்கு ஆற்றில் ஐஸ் மிதக்கும் நாளில் எடுத்த தண்ணீர் வேண்டும். எல்லா மாரியிலும் அது கிடைக்காது. அந்த மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஆனால் நான் திரும்பி வரும்போது ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பல்கனியில் உங்கள் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், பனி நிரப்பிய வாளிக்குள் புதைத்தேன். மாரியில் பல்கனிதானே எங்கள் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி. "எறிஞ்சு போடாதேங்கோ, உயிருள்ள சாமான்" என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் வாளி வெறுமையாக இருக்கிறது. போத்தல் ஹைட்சுங் மேல், இதே பச்சைத் துவாயால் கழுத்துவரை சுற்றப்பட்டு, தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் சுகமாக இருக்கிறது.

"அம்மா! என்ன வேலை செய்தனீங்கள்?"

"பாவங்கள், வெளியிலை விறைச்சுக்கொண்டு கிடந்துதுகள். தயிரிலை இருக்கிறதும் உதுதான் எண்டு நீதானே சொன்னனீ. அதுதான் சூடாக் கிடக்கட்டும் எண்டு வைச்சனான்."

நான் நிலத்தில் குந்திவிட்டேன். திங்கள் தொடக்கம் குளிர் விடும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. ஐஸ் போனால் என் ஆய்வில் பாதி போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, பதறவுமில்லை. பக்கத்தில் வந்து இருந்து கேள்விதான் கேட்டீர்கள்.

"சூட்டிலை என்னெண்டடி சாகும்?"

குசினி அலுமாரியைக் காட்டினேன். யன்னலோரம் இருந்த தேங்காயெண்ணெய் கட்டியாகிக் கிடந்தது. பக்கத்தில் நல்லெண்ணெய் கட்டியாகாமல் இளகியே இருந்தது. "பற்றீரியாவின்ரை தோலும் எண்ணெயாலை செய்ததுதான். எங்களுக்குள்ளை இருக்கிறதுகளின்ரை தோல் குளிரிலை கட்டியாகிப்போம். ஆத்திலை இருக்கிறதுகளின்ரை தோல் குளிரிலையும் இளக்கமாயிருக்கும். சூடு பட்டால் அளவுக்கு மிஞ்சி இளகி, உடைஞ்சு போம்."

"அப்ப நாங்கள் தேங்காயெண்ணெய் ஆக்கள். அதுகள் நல்லெண்ணெய் ஆக்கள்." கொஞ்ச நேரம் இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "அதுகளுக்குச் சூடுதான் குளிர். ஐயோ, நான் கொன்றுபோட்டனே." பிறகு எழும்பினீர்கள். "எழும்படி. இனி எங்கை ஐஸ் கிடக்கும்?"

நகரத்துக்குள் ஐஸ் உடைக்கும் கப்பல்கள் ஓடியிருக்கும், கடற்பக்கம், ஆறு அகலமாகும் இடத்தில் இன்னும் கிடக்கும் என்றேன். நீங்கள் உங்கள் கோட்டுக்கு மேல் அப்பாவின் கோட்டையும் போட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு என்னை முந்திக்கொண்டு படியிறங்கினீர்கள்.

குளுக்ஸ்டாட்டில் ரயிலால் இறங்கி அணைக்கட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கடல் வற்றி, ஆற்றுத் தண்ணீரும் இறங்கியிருந்த நேரம். கரையில் ஐஸ் பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, சேறு கலந்து மண்ணிறமாக. ஐஸ் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்த உங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். "ஊத்தை ஐஸ்," என்றீர்கள். நான் துறைமுகப் படியில் இறங்கிப் போத்தலைக் கயிற்றில் கட்டி விட, நீங்கள் மேல்படியில் நின்று என் கோட்டுப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். "விழுந்தியோ, கொன்றுபோடுவன்!" என்ற சத்தம் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்க்க வேறு போனீர்கள், நான் கையைத் தட்டிவிட்டேன். "கடல் உப்பும் கலந்திருக்கோ எண்டு பாக்கத்தானே" என்று கோபித்துக்கொண்டீர்கள். கலந்திருந்தது, அம்மா. பிறகு அளந்து பார்த்தேன்.

திரும்பும் ரயிலில்தான் சிக்கல். பெட்டிக்குள் சலவைக்கூடம் மாதிரிச் சூடு. உங்களுக்குப் பிடித்த சூடு. நான் இடம் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் இல்லை. கதவடியில் நின்றுகொண்டு, யன்னலை முழுதாக இறக்கிவிட்டு, பனி நிரப்பிய வாளியைக் காற்றுப் படும்படி அணைத்துப் பிடித்திருந்தீர்கள். நான் வாங்கக் கை நீட்டினேன்.

"போய் இரு. உனக்குத் தடிமன் பிடிக்கும்."

பரிசோதகர் வந்து யன்னலைப் பூட்டச் சொன்னார். நீங்கள் வாளியைக் காட்டி, உங்களுக்குத் தெரிந்த டொச்சு மொழியில் விளக்கம் கொடுத்தீர்கள். "இஞ்சை சின்ன ஆக்கள் இருக்கினம். அவைக்குச் சூடு ஏலாது." அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். சிவந்துபோன உங்கள் மூக்கைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் குளிராதபடி உள்கதவை மட்டும் இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். ஹம்பேர்க் வருமட்டும் நீங்கள் அப்படியே நின்றீர்கள். கண்ணாடிக் கதவுக்கு இங்கால் சூட்டில் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் யாரிலும் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

ஒரு கிழமை தடிமனில் கிடந்தீர்கள். கொத்தமல்லித் தண்ணீர் குடித்தபடி தினமும் ஒரே கேள்வி: "முளைச்சுதோ?" சூட்டில் வைத்த தட்டுகளில் உடனே முளைத்தன. குளிரில் வைத்தவற்றில் ஒன்றுமில்லை. "முளைச்சுதோ?" "இல்லை அம்மா." நீங்கள் சுகமாகி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், குண்டூசித் தலையளவில் ஒரு மஞ்சள் பொட்டு. உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "உதுக்கோ நான் மூக்கொழுகினது?" என்றீர்கள். ஆனால் போகமாட்டேன் என்று நின்று, திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள்.

பொட்டுகள் கூடின. சிலவற்றைச் சூட்டுக்கு மாற்றினேன், செத்தன. அவை ஊர் ஆக்கள். ஆனால் வேறு சில இரண்டிலும் முளைத்தன. அதுகளுக்குப் பிடித்தது சூடுதான். என்றாலும் குளிர் வந்தால் தங்கள் தோலின் எண்ணெயை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு, மெதுவாக வளரும். விருந்தாளியுமில்லை, ஊர் ஆளுமில்லை. இதை உங்களுக்குச் சொன்னபோது நீங்கள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப அது நான்," என்று சொல்லிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனீர்கள்.

அந்த முதல் மஞ்சள் பொட்டைத்தான் குழாயில் அடைத்து வைத்தேன். எந்த நகரத்துக்கு வேலை மாறிப் போனாலும் அதை நானே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோனேன். பெட்டி நன்றாகக் குளிரைப் பிடிக்கும், சூட்டுக்குள் இருந்தே போகலாம். ஆனாலும் கதவடியில்தான் நின்றேன். இப்போதைய ரயில்களில் யன்னல் திறக்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு, மனம் கேளாமல் ஆய்வுகூடத்துக்குப் போய்வந்தேன். இப்போதுதான் திரும்பினேன், கோட்டைக் கூடக் கழற்றவில்லை. குளிர் அறையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். என்ன கேட்பீர்கள் என்று தெரியும்.

ஓம் அம்மா. முளைச்சிட்டுது.