ராம் என்றால் கிடாய்

1974 ஜூலை 8, திங்கள்

மழை. கரமனையில் பஸ் ஏறுவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்தது. ஆபீஸில் பெரிய டைப் வேலை. மலையாளி கால்நடை டாக்டர் கு. எழுதிய கட்டுரை. முப்பது பக்கம், மூன்று கார்பன். செம்மறி ஆட்டுக்கு வரும் ஒரு நோய். வேலியில் உடம்பைத் தேய்க்கும், நடுங்கும், தள்ளாடும், சாகும்.

கிடாய்க்கு ஆங்கிலத்தில் ராம். என் விரல் ஒவ்வொரு தடவையும் பெரிய ஆர் அடிக்கிறது. டாக்டர் சிவப்பு மையில் பதினொரு வட்டம் போட்டு, “ஸ்மால் ஆர் மதி, கேட்டோ லலிதே” என்றார், சின்ன ஆர் போதுமாம். யார் பேர் என்று கேட்கவில்லை. தப்பித்தேன். ராம் என் அத்தை பிள்ளை. ஆடி பிறப்பதற்குள், இந்த ஞாயிறே, எங்களுக்கு நிச்சயம்.

வாங்க: ரப்பர், குடைக்குக் கம்பி, தங்கை செல்லத்துக்கு ரிப்பன்.

ஜூலை 9, செவ்வாய்

பக்கம் 14. எல்லா ஆட்டுக்கும் நோயை ஒரே மாதிரி ஊசியில் ஏற்றினார்களாம். ஒரு வம்சம் விழுந்தது. இன்னொரு வம்சம் தன் பாட்டுக்கு மேய்ந்தது. ரத்தத்திலேயே இருக்கிறதாம். வருஷக்கணக்கில் வெளியே தெரியாதாம். விழுகிற வம்சத்துக்குள்ளேயே கிடாயும் பெட்டையும் சேர்த்தால் குட்டிகள் இன்னும் அதிகம் விழுமாம். இந்த இடத்தில் தாளை உருவிக் கசக்கிவிட்டேன்.

அப்பா கை நடுங்கி, நடை தள்ளாடி, நாற்பத்தெட்டு வயதில் போனார். அவர் தங்கை, ராமின் அம்மா, போன வருஷம் அதே மாதிரி. வீட்டில் இதற்கு வாதம் என்று பேர்.

ஜூலை 10, புதன்

மனிதர்களுக்கும் இப்படி உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். “இது ஆட்டின்றெ காரியம். மனுஷ்யரெப் பற்றி ஞான் ஒன்னும் பறயில்ல. எந்தே?” ஏன் என்றதற்குச் சும்மா என்றேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். டைப் அடித்தே உன் விரல் தேய்ந்துபோய் மோதிரம் கழன்று விழும் என்று கிண்டல். சிரிக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. என் கையையும் பார்த்தேன். இப்படி எத்தனை வருஷம் பார்ப்பது? எனக்கு அவரைப் பிடிக்கும். அதுதான் வினை.

ஜூலை 12, வெள்ளி

மறுபடி மழை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பக்கம் 14 உட்பட.

“கண்டதை டைப் அடிச்சுட்டு வந்து ஆத்துல கொட்டாதே. நாமென்ன ஆடா? அத்தை போறச்சே வாக்குக் குடுத்தாச்சு. வம்சத்துலயே நோய்னு வெளில தெரிஞ்சா நோக்கும் கல்யாணம் ஆகாது, செல்லத்துக்கும் ஆகாது.”

“எனக்கு வேண்டாம்மா.”

அம்மா அடுப்பைத் தணித்தாள். “சரி. நோக்கு வேண்டாம்னா செல்லத்தைக் குடுத்துடறேன். அவளுக்கும் பத்தொம்பது முடிஞ்சுது. அவளும் முறைதானே?”

கூடத்தில் செல்லம் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள், சுருதி சேராமல். அவளும் அதே அப்பாவின் பெண்.

ஜூலை 13, சனி

வெயில். செல்லத்துக்கு ஒன்றும் தெரியாது. எனக்காவது தெரியும். காலையில் அம்மாவிடம் சரி என்றேன். “பிராந்தெல்லாம் தெளிஞ்சுதா, பைத்தியமே?” என்று தலையில் எண்ணெய் வைத்தாள். குழந்தை வேண்டாம் என்று அத்தானிடம் சொல்ல வேண்டும். எப்போது? எந்த வாயால்?

ஆபீஸ் அரை நாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. டாக்டர் முழுக்கப் புரட்டிப் பார்த்து, “இன்னு ஒரு மிஸ்டேக்கும் இல்லல்லோ!” என்றார்.

ராம் எல்லாம் சிறிய எழுத்தில்.