பத்தொன்பது ஒன்றுகள்

என் கூடப்பிறந்த பிடிவாதமே, அண்ணே,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. ஈப்போவில் மழை. உங்கள் பதினொரு நோட்டுகளும் என் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. தட்டு வைக்க இடமில்லை.

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தை விற்றபோது, ஆபீஸ் குப்பையிலிருந்து பழைய பெரட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தீர்கள். அம்மா வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கிராணி ஒரு 1 போட்டிருந்தார். அவளுடைய கடைசி மாதத்தில், ஞாயிறு உட்பட, பத்தொன்பது ஒன்றுகள். அதன் பிறகு கட்டங்கள் காலி.

வேறு யாராக இருந்தாலும் அதை வருகைப் பதிவாகப் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஒரே எண்ணாக வாசித்தீர்கள்.

"பாப்பா, நீ படிச்சவ. இது எதுலயாச்சும் வகுபடுமா, சொல்லுலா."

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை. "இவ்ளோ நீளமா இருக்கு, வகுபடாமயா போவும்? தேடுங்கண்ணே, கிடைக்கும்."

அம்மா இறந்ததும் தோட்டப் பள்ளியை விட்டுப் பால்மரம் சீவப் போனவர் நீங்கள். அதனால்தான் நான் பல்கலைக்கழகம் போய்க் கணிதம் படித்தேன். படித்தவள் சொன்னதை நம்பினீர்கள். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஓய்வுக்காலம் முழுக்க வகுத்தீர்கள்.

அந்த எண்ணுக்கு வகுத்தி என்று ஒன்று இருந்தால், அந்த வகுத்தியை முப்பத்தெட்டால் வகுக்கும்போது மீதி ஒன்றுதான் வர வேண்டும். ஏழையும் பதின்மூன்றையும் நீங்கள் தொட்டிருக்கவே வேண்டாம். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன? நூறு கோடியைத் தாண்டும் வரை தேட வேண்டும். குறுக்குவழியில் போனாலும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்கள். நீங்கள் நாற்பதாயிரத்தில் நின்றீர்கள்.

போன வருடம் என் மகள் அதைக் கணினியில் போட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் வகுபடாது.

"மாமாகிட்ட சொல்லிடுங்கம்மா" என்றாள். "சொல்றேன்" என்றேன்.

உங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. பிள்ளைகளின் தவறுகளுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்ட ஒரு கணக்கு டீச்சருக்கு, தன் தவறைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டீர்களே: "பாப்பா, கிட்ட வந்துட்டேனா?"

"வந்துட்டீங்கண்ணே."

இல்லாத ஒன்றுக்கு எப்படி அண்ணே கிட்டே வர முடியும்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டு ஒன்றுகளோடு நின்றிருந்தால், அது மூன்றாலும் ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுபட்டிருக்கும். முதல் நாளே முடித்திருப்பீர்கள். அம்மா காய்ச்சலோடு இன்னும் ஒரு நாள் வேலைக்குப் போனாள்.

பதினாறாம் நாள் படையலில் என் மகள் பால் சேர்க்காத கோப்பி ஓவும் வறுத்த கருவாடும் வைப்பாள். நான் பதினொன்றாவது நோட்டை வைப்பேன். உங்கள் கடைசி வகுத்தலுக்குக் கீழே, சிவப்பு மையில், 'நான் சொன்னது தப்பு. இது வகுபடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பேன். படையலில் வைத்ததைச் செத்தவர்கள் வாசிப்பார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் எழுதுவேன், அண்ணே. இது சத்தியம்.

நிமிர்ந்து பாராமல் விடை சொன்ன
உங்கள் தங்கை,
பாப்பா