சிர்காக்கின் மாத்திரை குறித்து

அன்பு மகள் ஆய்ஜிரேக்குக்கு,

அம்மாவும் நானும் சுகமாகவே இருக்கிறோம். இஸ்தான்புல்லில் உன் உடம்பும் வேலையும் சீராக இருக்கும் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நம் ஊர் நாரினில் முதல் பனி விழுந்துவிட்டது, அம்மா உனக்கென்று தயிர்க்கட்டிகளை உலர்த்தி வைத்திருக்கிறாள். பேசினால் சொற்கள் முன்பின்னாகிவிடும் என்பதால் எழுதி, படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன்.

ஞாயிறன்று உன் தம்பி சிர்காக்கின் மாமனார் விருந்துக்கு வந்தார். கறியைப் பங்கிட்டவன் அவன்தான். எந்த எலும்பு யாருக்கு என்ற நம் முறையை மறந்து, பெரிய விருந்தாளியான மாமனாருக்குரிய இடுப்பெலும்பை அவருடைய காரோட்டிக்கு வைத்துவிட்டு, அவர் முன் தோள்கறியை வைத்தான். வேறொருவராயின் எழுந்து போயிருப்பார். இவரோ, "மருமவனே, அடுத்த தடவ நானே வண்டி ஓட்டிட்டு வரேன்யா, அப்பவாச்சும் இடுப்பு கெடைக்குதா பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் காலை லித்தியம் மாத்திரையைத் தொட மறுத்து, "இதுதாம்பா என் மூளையத் திங்குது, அக்காவும் நிறுத்துடான்னு சொல்லிட்டா" என்றான். முன்பு அவனாக நிறுத்தியபோது, உறக்கமே இல்லாமல், அண்டைவீட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கணவாய்வரை போனவனைப் பிடித்துவந்தது உனக்கு நினைவிருக்கும்.

மருத்துவர் நுர்ஜதாவிடம் அழைத்துச் சென்றேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு, மனம் அமைதியாயிருக்கும் காலத்திலும் மறதியும் கவனக்குறைவும் தங்கக்கூடும், அது சோம்பலன்று. மருந்து காரணமாயிருக்கலாம், நோயோ, தூக்கக்கேடோ, தைராய்டு குறைவோகூடக் காரணமாயிருக்கலாம். அதற்காக ரத்தம் எடுத்திருக்கிறார்கள். தேவையெனில் அளவை அவரே மாற்றுவார், நினைவுக்கும் திட்டமிடுதலுக்கும் பயிற்சி வகுப்பும் உண்டு. முழுதும் சரியாகும் என்று அவர் உறுதி கூறவில்லை, நானும் கூறமாட்டேன். "வகுப்புல ஒக்காந்து ஆட்டெலும்பு படிக்கணுமா டாக்டரம்மா?" என்று இவன் முறைக்க, "எனக்கே அது கொழம்பும்பா, என் மாமியார்ட்ட சொல்லிடாத" என்றார் அவர்.

வெளியே வந்ததும், "ஒங்க மொகத்துக்காக அக்கா பதில் வர்ற வரைக்கும் முழுங்குறேன். நீங்க வக்கீலு, எதையும் வாதாடி ஜெயிச்சிடுவீங்க. அவ சொன்னாத்தான் நம்புவேன்" என்று முடித்துவிட்டான். ஆகவே இதில் என் வாதம் எடுபடாது, மகளே. நீ அன்பினால்தான் சொன்னாய், அதில் எனக்கு ஐயமில்லை. அந்த அன்பினாலேயே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணங்களை அடுக்காதே, "தெரியாமச் சொல்லிட்டேன்டா, முழுங்கு" என்றால் போதும்.

கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும். காலையில் வெறும் தேநீரோடு ஓடாதே. இன்றே அவனை அழைத்துவிடு; கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கொல்லையில் விறகு பிளக்கிறான்.

உன் தந்தை,
எசெனாலி