டிக்கிக்குப் போன பேட்டரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே பல்வலி தீர்ந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இதென்ன உயிரோடு இருக்கிறோம் என்று ஆரம்பிக்கிறாள் என்று பதறாதே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் முடியாது. நான் போனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவார். கார் விஷயமாக அவர் உன்னிடம் இதற்குள் ஒரு கதை சொல்லியிருப்பார், அதில் நான் பெரிய வீராங்கனையாக வந்திருப்பேன். தெருமுனைத் தையற்காரர் வரைக்கும் அந்தக் கதை போய்விட்டது. அதைக் கேட்கக் கேட்க எனக்குக் குமட்டுகிறது.

உன் தம்பி நம் பழைய காரைப் படுத்துகிற பாடு உனக்குத் தெரியும். வாரமெல்லாம் செருப்புக் கடையில் குத்தவைத்து ஊரார் காலைப் பிடித்துவிட்டு வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரின் காலைப் பிடிப்பான். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூட்டம் ஒன்றில் போய்ச் சேர்ந்திருக்கிறான். பேட்டரியை இன்ஜின் பக்கத்திலிருந்து எடுத்து டிக்கியில் வைத்தால் முன்பாரம் குறையும், பானட்டைத் திறந்தால் நகைக்கடை ஜன்னல் மாதிரி பளிச்சென்று இருக்கும் என்று அங்கே யாரோ ஓதிவிட்டார்கள். டிக்கியில் பேட்டரி வைப்பது ஒன்றும் தப்பில்லை, கம்பெனியே அப்படிச் செய்கிற வண்டிகளுக்கு ஃபேக்டரியில் நானே ஒயர் கட்டு சோதித்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் இவன் செய்ததை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழியில் நின்றுபோன வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கிற கேபிள் இருக்குமே, அதன் கிளிப்புகளை வெட்டிவிட்டு, நீளம் போதாமல் இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக இழுத்திருந்தான். ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், விரல் கீறி ரத்தம் வந்தது. பேட்டரியை எதால் கட்டியிருந்தான் தெரியுமா? உன் அப்பாவின் பழைய பேன்ட் பெல்ட்டால். நில அளவை ஆபீசில் ஓய்வு பெற்ற உன் அப்பா டேப்பை நீட்டிப் பிடித்து அளந்து, மிகச் சரியாக நடுவில் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். நடுவில் இருந்தால் போதுமாம்.

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை, அதை நீ தெரிந்துகொள். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடு, தகரம் கேபிளை அறுத்துவிடும் என்றேன். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் போடு, இவ்வளவு நீளம் போகிற கேபிள் எங்கே உரசினாலும் அதுதான் முதலில் எரிந்து கரண்டை நிறுத்தும் என்றேன். பேட்டரியின் ஆவி வெளியே போக ஒரு குழாய் வை என்றேன். உன் தம்பி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அம்மா, ஃபேக்டரில நீ டேப் சுத்தினதோட சரி. இது கார் வேலை, உனக்குப் புரியாது" என்றான். உன் அப்பா சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு உறைத்தது. இருபத்தாறு வருஷம் அந்தச் சோதனை மேஜைக்கு முன்னால் நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சு போட்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு கட்டு வெளியே போனதில்லை. டேப் சுற்றினேனாம். எப்படியோ போங்கள் என்று உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளும் அந்த வண்டிக்குள் உட்கார முடியவில்லை. அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி விடுகிற ஆவி அப்படியே உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. நான் கறி வாங்கிய பையை டிக்கியில் மறந்து வைத்துவிட்டேன் என்று உன் அப்பா என்னைத்தான் சொன்னார், மோப்ப நாய் மாதிரி என் கூடையை எல்லாம் முகர்ந்து பார்த்தார். உன் தம்பி ஒரு மல்லிகை சென்ட் டப்பாவை வாங்கி மாட்டினான். முட்டையும் மல்லிகையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நீ நினைத்துக்கூடப் பார்க்காதே, சாப்பிட உட்காரும்போது ஞாபகம் வரும். டிக்கியின் தரைவிரிப்பு பேட்டரிக்கு அடியில் நனைந்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது, ஆசிட். அதன்மேல் ஒரு பழைய பனியனைப் போட்டு மூடிவைத்திருந்தான். சீ.

போன வியாழக்கிழமை மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து அவள் கால் முறிந்ததைத்தான் போன கடிதத்தில் எழுதினேனே. உன் தம்பிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, உன் அப்பா ஓட்டினார், நான் முன்சீட்டில், அவள் காலை நீட்டிப் பின்சீட்டில் படுத்த மாதிரி. மார்க்கெட் தாண்டி ஒரு வேகத்தடை வருமே, உன் அப்பா எந்தக் காலத்தில் வேகத்தடைக்கு மெதுவாகப் போனார்? வண்டி தூக்கிப் போட்டது, பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. பேட்டரி நகர்ந்தால் கேபிள் இழுபடும், இழுபட்டால் தகரம் அறுத்துவிடும். எண்ணிக்கொண்டே வந்தேன். பத்துகூட எண்ணவில்லை, மருமகள் மெல்லிய குரலில், "அத்தை, கீழ சுடுது" என்றாள். திரும்பிப் பார்த்தால் சீட்டுக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை. உன் அப்பா வண்டியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, "சாவிய எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்று ரோட்டில் நின்று எல்லோருக்கும் காட்டினார். சாவியை எடுத்தால் என்ன, ஃப்யூஸ் இல்லாத கேபிளுக்குச் சாவி தெரியுமா? பேட்டரியில் உயிர் இருக்கிறவரை அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அவளால் நகர முடியவில்லை. மாவுக்கட்டு முன்சீட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. ரொட்டி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார், அவர் தோளைப் பிடிக்க நான் காலைப் பிடிக்க, எப்படியோ அவளை வெளியே இழுத்துப்போட்டோம். அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்மிதி ரப்பரை உருவிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். உள்ளே தேங்கியிருந்த ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும் என்று தெரியும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் காற்றோட விட்டேன். கையில் ஸ்பேனர் இல்லை. ரப்பரைச் சுற்றி நெகட்டிவ் முனையைப் பிடித்து முறுக்கினேன், வந்துவிட்டது. ஏன் வந்தது தெரியுமா? உன் தம்பி நட்டைச் சரியாக முடுக்கவே இல்லை. அவன் ஒழுங்காக வேலை செய்திருந்தால் என் கையால் கழற்றியிருக்க முடியாது, வண்டி மொத்தமும் போயிருக்கும். இதற்காக நான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

மருமகளுக்குத் தொடையின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வெந்துவிட்டது. ஆறிவிடும், தழும்பு இருக்கும் என்கிறார் டாக்டர். ஒருக்களித்துத்தான் படுக்கிறாள். உன் தம்பி செருப்பு மாட்டிவிடுகிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான், வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். "நீ சொன்னியேம்மா" என்றான். எனக்கு இரக்கமே வரவில்லை. மறுநாளே பேட்டரியைக் கழற்றி முன்னால் அது இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன், கேபிளை ஒரு துண்டு விடாமல் நானே உருவிப் போட்டேன். உன் அப்பாவோ வியாழக்கிழமை சாயங்காலமே வாசலில் நின்று, இவள் இருபத்தாறு வருஷம் ஃபேக்டரியில் இருந்தவளாயிற்றே, மூக்கில் முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டாள் என்று அளக்க ஆரம்பித்துவிட்டார்.

இனி எழுதப்போவதை நீ யாரிடமும் படித்துக் காட்டாதே. மூக்கில் முகர்ந்தே எனக்குத் தெரிந்தது உண்மைதான். பத்து நாளாகத் தெரியும். வியாழக்கிழமை காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மருமகள் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு, இந்த நாத்தம் என்னவோ போல இருக்கு, ஒன்றும் ஆகாதே, வாடகை வண்டி கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம்தான் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். நான், "எனக்கென்ன தெரியும், டேப் சுத்தினவ. உன் புருஷனைக் கேளு" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ரோட்டில் எங்காவது அது நின்றுபோக வேண்டும், உன் தம்பியும் கடையிலிருந்து ஓடிவர, இரண்டு ஆம்பிளைகளும் என் முன்னால் கை பிசைந்துகொண்டு நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று ஆசைப்பட்டது. புகை வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் வரக்கூடும் என்று தெரியாமலும் இல்லை. அவர்கள் தெரியாமல் செய்தார்கள். எனக்குத் தெரியும். அவர்கள்மேல் வருகிற அருவருப்பைவிட என்மேல் எனக்கு வருவது பெரிது. இத்தனை பாராட்டு நடக்கிறது, அவள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்து அவள் அறைக்குப் போய்விட்டு இப்போதுதான் வருகிறேன். உனக்கு எழுதியதையே அவளிடம் சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று எழுந்தேன். அப்போது, முகத்தைத் திருப்பாமலே, "இனிமே நான் கேட்டா பதில் சொல்லுங்க அத்தை" என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான் பேசினோம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றாள்.

வலி நின்றிருந்தாலும் உன் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு, வீங்கிய பிறகு ஓடாதே. குளிரில் காதை மூடிக்கொள். அடுத்த தடவை போன் செய்யும்போது முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு, அப்பாவின் கதையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நீ எங்கிருந்தாலும் நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா