எந்த மாமா?

மார்ச் 4

பால்காரரைக்கூடக் குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று வீட்டுக்காரர் கிண்டலடிக்கிறார். அடிக்கட்டும். குழந்தைகளிடம் சாட்சியம் கேட்கிற எனக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது.

இன்று வந்தவள் ஆறு வயதுச் சிறுமி. அவள் தம்பிக்குக் கை முறிந்திருக்கிறது. படியில் விழுந்தான் என்கிறாள் தாய். அவளுடைய இரண்டாவது கணவரும் அதையே சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து புகார் கொடுத்தவர் தாயின் அண்ணன்.

"என்ன நடந்துச்சு?" என்றேன். காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா தம்பி கையைப் புடிச்சு முறுக்குனாரு. அம்மா விடுங்க விடுங்கன்னு அழுதாங்க."

எந்த மாமா என்று நான் கேட்கவில்லை. புகார் கொடுத்த தாய்மாமன்தான், வேறு யார்? முந்திக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 5

தாய்மாமனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. "நானே முறுக்கிட்டு நானேவாங்க தூக்கிட்டு வருவேன்?" நல்ல நடிப்பு! குழந்தைகள் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு வாங்கினோம். பிள்ளைகள் வீட்டுக்கே போனார்கள். கணவர் கும்பிட்டார். "நல்லவேளை மேடம், கண்டுபுடிச்சீங்க."

மார்ச் 6

ரொம்பத்தான் கும்பிட்டார். ஏன்?

மார்ச் 8

தாய் கையெழுத்துப் போட வந்தாள், மகளோடு. தாய் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்து, "மாமா, ஒரு நிமிஷம் வாங்க!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாய்மாமன் இங்கே எப்படி?

உள்ளே வந்தது கணவர்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! சிறுமியைத் தனியே அறைக்கு அழைத்துப் போனேன். "வீட்டுல யார யார எப்படிக் கூப்பிடுவ?"

"அம்மா கூப்பிடுற மாதிரிதான். வீட்டுல இருக்குறவரு மாமா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரே, அவரு அண்ணே." என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே வரக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே? மாமா சொன்னாரு."

முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், இந்த வெயிலில். சட்டைக் கையை மடக்கிவிட்டுப் பார்த்தேன். விரல் பதிந்த தடம்.

"மேடம்கிட்ட என்ன சொன்னேன்னு கேட்டாரு."

ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு வாய் வலித்ததா?

மார்ச் 9

கணவர் கைதாகிவிட்டார். குழந்தைகளை அழைத்துப் போகத் தாய்மாமன் வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லங்க," என்றார். "அந்த ஆளையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்."

சிறுமியைப் பார்த்துக் கையசைத்தேன். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, போலாம். இவங்க திரும்பக் கேப்பாங்க."