அக்காவின் ஜெனரேட்டர்

மார்ச் 3
மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அக்காவின் ஆக்சிஜன் மெஷின் ஜெனரேட்டரில் ஓடியது. அத்தான் பம்ப், புல்வெட்டும் மெஷின் போன்ற சின்ன இன்ஜின்களைப் பழுதுபார்ப்பவர். ஜெனரேட்டருக்குப் பெட்ரோலைவிட ஸ்பிரிட்டை, அதாவது எரிசாராயத்தைத்தான் அதிகம் ஊற்றுகிறார். கூடவே நீலச் சொட்டு மருந்து ஒன்று. இன்ஜினுக்கு டானிக்காம்.

“ஸ்பிரிட் ஈரத்தை இழுக்கும் அத்தான். தண்ணி அடியில தங்கினா இன்ஜின் நின்னுடும்.”

“பாடத்தை காலேஜ்லயே வச்சுக்கம்மா. பத்து நாளா ஓடுது, ஒரு இருமல் இல்ல. உங்க அக்காவைவிட நல்லா மூச்சு விடுது.”

அக்காவே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

மார்ச் 6
மெஷின் நின்றால் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு?

மார்ச் 9
அத்தான் வெளியே போயிருந்தபோது டேங்கை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதம் வரும். அக்காவுக்கு அது ஆகாது. இன்றாவது தூங்கலாம்.

மார்ச் 11
பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் கரும்புகை கக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் ஓடியது. விக்கி விக்கி நின்றது. அத்தான் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார் — ஒன்றுமில்லை. அக்காவின் உதடு நீலம். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் என் கையில் வழுக்கியது, இரண்டு முறை. கடவுளே என்றேன், சாமி கும்பிடாத நான்! சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் கரண்ட் வந்தது.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீ சொன்னே. நான்தான் கேக்கல. நானே கொல்லப் பார்த்தேன்.”

டேங்கில் இருந்தது நான் ஊற்றிய பெட்ரோல் என்று சொல்லாமல் சிலிண்டரை மூடினேன்.

மார்ச் 12
அத்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். ஒரே கரி. “ஸ்பிரிட்டுக்கு இப்படிக் கரி பிடிக்காதே...” என்று முணுமுணுத்தார். ஸ்பிரிட் கூடுதலாகத் தேவைப்படும் என்று, கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையையே பெரிதாக்கியிருந்தாராம்.

அந்தத் துளை வழியாக வெறும் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் எந்த இன்ஜினும் திணறித்தான் நிற்கும். இருபது வருடம் வேதியியல் நடத்துகிறேன். டேங்கில் இருப்பதைப் பற்றி அத்தனை சந்தேகப்பட்டவள், அவர் வேறு எதையாவது மாற்றினாரா என்று ஏன் கேட்கவில்லை? அவருக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. வேறென்ன?

மார்ச் 13
சொல்லவில்லை.

மார்ச் 14
அத்தான் மிச்சமிருந்த ஸ்பிரிட்டையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, அக்காவிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் தாங்கவில்லை. இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.” அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அக்காதான் விட்டு விட்டுப் பேசினாள். “ரெண்டு பேரும்... பெரிய புத்திசாலிங்க. நடுவுல மாட்டினது... நானு.”

மார்ச் 21
மூன்று மணிக்கு மின்சாரம் போனது. இரண்டு பேரும் ஜெனரேட்டரிடம் ஓடினோம்.

“உள்ளே என்ன அத்தான்?”

“வெறும் பெட்ரோல்.”

“துளை?”

“பழைய சைஸ் மாட்டிட்டேன். நம்பிக்கை இல்லன்னா கழட்டிப் பாரு.”

பயம் இருந்தது. ஆனால் கழற்றவில்லை, கயிற்றை இழுத்தேன்.